நர்ஸம்மா சொன்ன சாட்சி

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். நான் ஆயிரம் சொல்லவில்லை, ஒன்றுதான் சொன்னேன். அதுவும் ஒரே ஒரு சொல். கல்யாணமும் முடிந்தது.

என் பெயர் வியாகுலம்மாள். காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் நர்ஸ். சொந்த ஊர் கல்லல். அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா டி.பி.யில் போனாள். இருமலைச் சளி சளி என்று ஒரு வருஷம் மறைத்துவிட்டு, முற்றிப்போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். கடைசிவரை அவளுக்கு ஊசி போட்டது நான்தான். மருந்து கேட்கவில்லை. அதற்குப் பிறகு மிச்சம், நானும் என்னைவிடப் பதினாலு வயது இளையவளான தங்கை சந்தனமேரியும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிந்த ஊரில் என்னைப் பெண் கேட்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? சந்தனத்துக்காவது ஒரு வீடு அமைய வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை.

அறுபத்தெட்டு தை மாதம் அவள் இருமினாள். இருபது வயது. தையல் கற்றுக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தேன். வலது பக்கம் மேலே எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு புள்ளி. "ஆரம்பம்தான்" என்றார் டாக்டர். "ஒன்றரை வருஷம் விடாமல் மருந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து." இதை நான் தினமும் இருபது பேருக்குச் சொல்கிறவள். என் தங்கைக்குச் சொல்லத் தெரியாதா?

மூன்று மாதம் வீட்டிலேயே ஊசி போட்டேன். அதன் பிறகு மாத்திரை. ஒருநாள் ஊசி போடும்போது கேட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கும் இதே ஊசிதான போட்ட?"

"ஆமா."

"அம்மாவுக்குக் கேக்கலையே."

"ஆடாம இரு. ஊசி உடைஞ்சிரும்."

அவ்வளவுதான் என் பதில். அம்மா முற்றிப்போய் வந்தாள், உனக்கு ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிறவள், சொந்தத் தங்கைக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நோய் விஷயம் கல்லலிலிருந்து அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது வீட்டார் நாங்கள் கொடுத்த காப்பியைத் தொடக்கூட இல்லை. அவர்கள் போன பிறகு சந்தனம் அந்த நாலு தம்ளரையும் வாசலில் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

நாலாவதாக வந்தது பள்ளத்தூர் ஞானசேகர். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். கோயில் திருநாளில் சந்தனத்தைப் பார்த்து அவனுக்கும் பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை எங்களைப் போலவே பூசைக்கு வருவாள். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த வீட்டுக்குள் மருந்து வராது. காய்ச்சலோ வயிற்றுவலியோ, நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். தலைவலித் தைலம்கூடக் கிடையாது. சந்தனத்தின் நோய் காதுக்கு எட்டியதும், எங்கள் கோயில் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினாள்.

அவர் வந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "நோய்க்காரப் பொண்ணு வேணாங்கிறாக. ஆனா ஆண்டவர் தொட்டுச் சுகமான பொண்ணுன்னா மனசார எடுத்துக்குவாகளாம். அடுத்த மாசம் காரைக்குடிப் பொட்டல்ல சுகமளிக்கிற கூட்டம் நடக்குது. அங்க மேடையேறி, ஆண்டவர் சுகமாக்கினாருன்னு சாட்சி சொன்னா அவுகளுக்குப் போதும். ஊரு வாயும் அடைஞ்சு போகும்."

ஊர் வாய் அடைந்துபோகும். அந்த ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எவனும் நம்ப மாட்டான், மேடையில் ஒருவர் கையை வைத்துச் சொன்னால் ஊரே நம்பும். சரி, நம்பிக்கொள்ளட்டும். சளிப் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது, மருந்தை விடாமல் சாப்பிட்டால் இனி யாருக்கும் ஒட்டாது. மருந்து தன் வேலையைச் செய்யும், பெயரை ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும். யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் நான் யோசித்தேன். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே யோசித்தேன்.

ஐந்தாம் மாதம் எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயில் புள்ளி அநேகமாக மறைந்திருந்தது. பழைய படம், புதுப் படம் இரண்டையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். சந்தனத்திடம், "கூட வா, நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

பொட்டல் நிறைய ஜனம். தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்திருந்தார்கள். கைகால் விழுந்தவர்களை மாட்டுவண்டியில் கொண்டுவந்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லோரும்தான். நோய்க்கு மதம் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் சாட்சி சொல்கிறவர்களுக்குத் தனி வரிசை. அங்கே ஒருவர் பெயர், ஊர், நோய் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். என் வெள்ளைச் சீருடையையும் கையிலிருந்த படங்களையும் பார்த்ததும் எங்களை வரிசையிலிருந்து இழுத்து முன்னால் விட்டார். ஆம், சீருடையில்தான் போனேன். தெரிந்துதான் போனேன்.

பிரசங்கியார் என் கையிலிருந்து இரண்டு படத்தையும் வாங்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். "இது போன தை மாசம். இது இந்த மாசம். பாருங்க, ஜனங்களே!" ஐயாயிரம் பேரில் எத்தனை பேருக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியும்? எல்லோரும் பார்த்தார்கள். அவர் சந்தனத்தின் தலையில் கையை வைத்தார். பிறகு மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, நீங்க நர்ஸு. இந்த வியாதியை தினம் பாக்குறவங்க. நீங்களே சொல்லுங்க. இது மருந்தால ஆகுமா?"

முதல் வரிசையில் ஞானசேகரின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையைக் கூப்பிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகாது" என்றேன்.

பொட்டலே அதிர்ந்தது. அல்லேலூயா அல்லேலூயா என்று கத்தினார்கள். பக்கத்தில் நின்ற சந்தனம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். கண் விரிந்து, முகம் வெளுத்து, ஒரு பார்வை. இத்தனை கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாதா திருநாள் கழிந்து ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, சாட்சியில் பொய் சொன்னதைச் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தேன். அவர் அபராதமாக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை ஒரு தடவை உருட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். பொய்க்கு விலை அவ்வளவுதான் என்றால் இன்னும் நாலு சொல்லியிருக்கலாமே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. 

மருந்துக்கும் வழி பண்ணித்தான் அனுப்பினேன். சீதனத்தோடு ஒரு தையல் மிஷின் கொடுத்தேன். அதற்குத் துணையாக நூல்கண்டு, ஊசி, பொத்தான் எல்லாம் வைக்க ஒரு தகர டப்பா. அந்த மாத்திரை வெள்ளையாக, வட்டமாக, பார்வைக்குச் சட்டைப் பொத்தான் போலவே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் பஸ் ஏறுவேன். மாமியார் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து மாத்திரைப் பொட்டலத்தைச் சந்தனத்தின் கையில் கொடுப்பேன், பிறகு அவள் டப்பாவில் பொத்தானோடு பொத்தானாகக் கொட்டிக்கொள்ள வேண்டும். மாமியார் பார்த்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது.

"ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று காதோடு கேட்பேன்.

தலையை ஆட்டுவாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. சிரித்த முகம். அந்த வீட்டில் அவளை மருமகள் என்று சொல்வதில்லை, "எங்க வீட்டுச் சாட்சி" என்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஜெபத்துக்கு வருகிறவர்கள் நடுவில் அவளை நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒருநாள் நானே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எங்க அக்கா நர்ஸு. அவுகளே மருந்தால ஆகாதுன்னு சொன்னாக" என்று கணீரென்று சொன்னாள். என்னமாய் நடிக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அறுபத்தொன்பது ஆடியில் ஒன்றரை வருஷக் கணக்கு முடிந்தது. கடைசித் தடவை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கல்லல் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷம் மாசி மாதம் ஞானசேகர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். வார்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவே தயங்கினான்.

"மதினி, அவ ரத்தமாத் துப்புறா. ரெண்டு மாசமா. அம்மா உபவாசம் இருந்து ஜெபிக்கிறாக. சாட்சி சொன்னவளுக்கு நோய் திரும்பி வந்தா ஏதோ பாவம் மறைச்சிருக்கான்னு சொல்லி, தினம் அவளை முழங்கால்ல நிக்க வச்சுக் கேக்குறாக. அம்மாவுக்குத் தெரியாமத்தான் வந்தேன்."

வாடகைக் கார் பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர். இரண்டு நுரையீரலும் போயிருந்தது. அம்மாவின் படம் போலவே இருந்தது.

"மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாளா?"

"ஒரு வேளை விடலை சார். என் கையால கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்தேன்.

மாற்றுச் சேலை எடுக்கப் பள்ளத்தூர் போனபோது தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே இருந்த தகர டப்பா கனத்தது. மூடியைத் திறந்ததும் பொத்தான் கண்ணில் படவில்லை, மாத்திரைதான் தெரிந்தது. விளிம்பு வரைக்கும். அடியில் கிடந்தவை பழுத்து மஞ்சளாகியிருந்தன. பதினொரு மாதம் நான் பஸ் ஏறிச் சுமந்தது அத்தனையும் ஒன்று குறையாமல் இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் டப்பாவைத் திறந்து காட்டினேன். நோயாளி என்று பார்க்காமல் கத்தினேன். "ஏண்டி இப்படிச் செஞ்ச? மாமியாருக்குப் பயந்தா? சொல்லுடி!"

சந்தனத்துக்கு மூச்சு வாங்கியது. என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீதானக்கா சொன்ன, மருந்தால ஆகாதுன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அது மேடையில சொன்னதுடி. உன் கல்யாணத்துக்குச் சொன்னது."

"நீ பொய் சொல்ல மாட்டியேக்கா. அம்மாவுக்கும் நீதான ஊசி போட்ட. கேக்கலை. எனக்கும் கேக்காதுன்னு ஆரம்பத்துலருந்தே நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ என்கிட்ட மறைக்கிறன்னு நெனச்சேன். அன்னைக்கு மேடையில வச்சு உன் வாயாலயே உண்மையைச் சொல்லிட்ட. ஒரு நிமிசம் செத்தே போனேன். அப்புறம் பாரு, படத்துல புள்ளி இல்லை. அப்ப ஆண்டவருதான தொட்டிருக்கணும்? எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? கல்யாணம் வரைக்கும் நீ பக்கத்துல நின்னு குடுத்தப்ப முழுங்கினேன். அதுக்கப்புறம் வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப நான் ஏண்டி மாத்திரையைக் கொண்டுவந்து குடுத்தேன்? அதையாவது யோசிச்சியா?"

"உனக்குத்தான் விசுவாசம் பத்தலைன்னு நெனச்சேன். உனக்காகவும் ஜெபிச்சேன்." கொஞ்ச நேரம் இருமினாள். "நீ பஸ் ஏறிக் கொண்டாந்தது. தூக்கிப்போட மனசு வரலைக்கா."

மேடையில் அவள் திரும்பிப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயாயிரம் பேரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துப் பேசினேன். அந்த ஐயாயிரத்தில் என் தங்கையும் ஒருத்தி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டாளி என்று நினைத்தவளிடம் நான் விஷயத்தைச் சொல்லவே இல்லையே! அன்று வீட்டுக்குத் திரும்பும்போதாவது, "அங்க சொன்னது சும்மாடி" என்று சொல்லியிருந்தால் போதும். அவளுக்குத் தெரியாதா என்ன என்று இருந்துவிட்டேன்.

"பொய்டி அது. மருந்தாலதான் ஆச்சு. மருந்தாலதான்டி ஆச்சு" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சரியென்று தலையை ஆட்டினாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி. ஒன்பதாம் நாள் ஒரே ரத்தமாக எடுத்து, என் மடியிலேயே போய்விட்டாள்.

கல்லறையில் ஞானசேகரின் அம்மா எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக, ஆண்டவர் கையை எடுத்துட்டாரு." அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் தள்ளலாம் போல இருந்தது. ஆனால் அந்த அம்மாள் தான் நம்பியதைச் சொல்கிறாள். நம்பாததைச் சொன்னவள் நான் ஒருத்திதான். என்ன முகத்தோடு அவளைப் பேசுவது? குழியில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

அந்தக் கூட்டத்தார் எங்கள் சாட்சியை, மேடையில் எங்களைப் பிடித்த போட்டோப் படத்தோடு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். 'இது மருந்தால் ஆகாது! காரைக்குடி நர்ஸ் சாட்சி.' இனிமேல் அடிக்காதீர்கள், அந்தப் பெண் இறந்துவிட்டாள், நான் சொன்னது பொய் என்று இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரு கார்டு வந்தது. சகோதரி சுகமானது உண்மை, பிறகு விசுவாசத்தில் தளர்ந்தது வேறு விஷயம், உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று எழுதியிருந்தது.

எழுபத்தொன்றில் ஒருநாள், நாச்சியாபுரம் கருத்தையா ஊசிக்கு வந்தார். கொத்தனார், நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். இரண்டு மாத ஊசியில் இருமல் நின்று ஆள் தேறியிருந்தார். வழக்கமாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருகிறவர் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தார்.

"இனிமே ஊசி வேணாம்மா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதைப் பாருங்க. உங்களை மாதிரி ஒரு நர்ஸம்மாதான் சொல்லியிருக்காக."

அதே நோட்டீஸ். திரும்பத் திரும்ப அடித்ததில் படத்தில் முகம் கரியாகிவிட்டிருந்தது. சீருடை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்த நர்ஸு நான்தான் கருத்தையா. இந்தப் பிள்ளை என் தங்கச்சி. மருந்தை நிறுத்திட்டா, செத்துப் போயிட்டா. உக்காருங்க, ஊசி போட்டுட்டுப் பேசுவோம்."

அவர் உட்காரவில்லை. படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப மேடையில சொன்னது?"

"பொய்."

"அத்தனை சனத்துக்கு முன்னாடி, சாமி பேரைச் சொல்லியா?"

"ஆமா. அவ கல்யாணத்துக்காக."

மெதுவாகத் தலையை ஆட்டினார். கல்யாணத்துக்காகப் பொய் சொன்னது அவருக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. நோட்டீசை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீக நர்ஸம்மா. உடன்பிறந்த தங்கச்சிகிட்டயே உண்மையைச் சொல்லலை நீங்க. நான் யாரு உங்களுக்கு? என்கிட்ட மட்டும் எதுக்கு உண்மையைச் சொல்லப்போறீக?"

போய்விட்டார். கேட் வரைக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். அலமாரியில் அந்தத் தகர டப்பா இருந்தது, அதையாவது காட்டியிருக்கலாம் என்று அவர் ஏறின பஸ் கிளம்பின பிறகுதான் தோன்றியது. காட்டியிருந்தாலும் என்ன? பொத்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தவள்தானே நான்! திரும்பி வந்து அவருடைய சிகிச்சைக் கார்டில் அன்றைய தேதியைப் போட்டு, 'வரவில்லை' என்று எழுதினேன். எழுதின பிறகுதான் அதுவும் பொய் என்று உறைத்தது. அந்த மனிதர் வந்தார், என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.